மாப்பிள்ளை கையில் டிராகன்

எதைக் காட்டினாலும் அது என்ன என்று பார்க்காமல், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. பூர்வீகர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தில்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் மட்டும் நான்கு பேர் இருக்கிறார்கள். மூத்தவர் ராஜகோபால். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மேல்வீட்டுக்காரர், ஆகவே எனக்குத் தப்பிக்க வழியில்லை.

பூர்வீகரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு பிளேட் பனீர் மோமோ வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றை விரலிடுக்கில் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, "ஆக்சுவலா இது நம்ம கொழுக்கட்டை. ஆவியில வெந்தாலே நம்மதுதான்" என்பார். பிறகு ஆறையும் சாப்பிடுவார். மோமோ விற்கும் பையா எந்த ஊர், அவன் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்க மாட்டார். கேள்வி கேட்பது பூர்வீகர்கள் வழக்கத்தில் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அபாயம் இருக்கிறதல்லவா?

இந்த இனத்துக்கு மிகவும் உகந்த பிராணி டிராகன். யாரும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் எல்லா நாட்டிலும் இருக்கிறது. சீனாவில் மழை பெய்விக்கிறது, ஐரோப்பாவில் நெருப்பைக் கக்கிக்கொண்டு புதையல் மேல் படுத்திருக்கிறது, நம் வேதத்தில் விருத்திரன் என்ற பாம்பாகத் தண்ணீரையெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்து இந்திரன் கையால் அடி வாங்குகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஜனங்கள் ஏன் கிட்டத்தட்ட ஒரே பிராணியை நினைத்துப் பயந்தார்கள்? படித்தவர்கள் இதற்காக இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ராஜகோபாலின் மண்டை பத்திரமாக இருக்கிறது.

"யாளி," என்பார் அவர். "கோயில் தூண்ல நிக்கறதே, அதுதான். கப்பல்ல போன நம்மாள் அங்கங்கே செதுக்கிக் காமிச்சிருக்கான்."

"நெருப்பு எப்படி சார் வந்தது?"

"யாளிக்கு நாக்கு வெளியில தொங்கும். வெள்ளைக்காரன் அதைப் பாத்துட்டு நெருப்புன்னு எழுதிட்டான்."

"இறக்கை?"

"தேர் யாளிக்கு ரெண்டு பக்கமும் துணி கட்டுவா. காத்தடிச்சா பறக்கும். அதான் இறக்கை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிச் சிரிப்பு கிடையாது.

அவருக்கு ஒரே பெண், ப்ரீதா. குருகிராமில் ஒரு டிவி கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் நிகிலைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று இரண்டு வருடம் மன்றாடி, கடைசியில் போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது என்று முடிவானது. இரண்டு அப்பாக்களும் சரியென்று தலையை ஆட்டிவிட்டால் தீர்ந்தது. ஆட்டாவிட்டால் அதோடு அதுவும் தீர்ந்தது. அன்று காலை ப்ரீதா என் வீட்டுக்கு இறங்கி வந்து, "சிவகுமார் அங்கிள், நீங்களும் கூட வந்து உக்காருங்கோ. அப்பா பேச ஆரம்பிச்சா டாபிக் மாத்துங்கோ, ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டாள். குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போனேன்.

நிகில் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கூடவே அவன் அம்மா மாதங்கியும், அப்பா சேஷனும். சேஷன் சுரங்கத்துறையில் அதிகாரியாக இருந்தவர். சோபாவில் உட்கார்ந்த உடனே சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கல்லை எடுத்து சொஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஃபாசில்," என்றார். "கல்லாப் போன எலும்பு. எங்கே போனாலும் எடுத்துண்டு போவேன்."

இவரும் அந்த இனம்தான். இரண்டு பூர்வீகர்களை ஒரே அறையில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

சரியாக அப்போது கரண்ட் போனது. ஏ.சி. நின்றது, இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டு சுற்றியது. பத்து நிமிஷம் பொறுத்த நிகில் தன்னையறியாமல் வலது சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக ஒரு டிராகன் நெளிந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் காபித் தட்டோடு வந்த ப்ரீதா, சட்டைக்கையை இறக்கிவிடு என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

ராஜகோபால் எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார், திருப்பினார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பச்சை குத்திய பையனுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"யாளி," என்றார், தழுதழுத்த குரலில்.

"இல்லை," என்றார் சேஷன். "எலும்பு."

"புரியலை."

"மண்ணைத் தோண்டறச்சே மனுஷனுக்குப் பெரிய பெரிய எலும்பு கிடைச்சுது. என்னன்னு தெரியலை. பயந்துபோய்க் கதை கட்டினான். அதான் டிராகன். உங்க யாளியும் அந்த எலும்பைப் பாத்துச் செதுக்கினதுதான்."

ராஜகோபாலின் முகம் சிவந்தது. நான் டாபிக்கை மாற்ற, மெட்ரோவில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்றேன். யார் காதிலும் விழவில்லை. கப்பல் வந்தது, சீனா வந்தது, டைனோசர் வந்தது. கடைசியில் ராஜகோபால், "யாளியை எலும்புங்கறவாளோட நான் சம்பந்தம் வெச்சுக்கணுமா?" என்று கேட்க, சேஷன் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்து நின்றார். மாதங்கி தலையில் கை வைத்துக்கொண்டாள். ப்ரீதாவின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருட மன்றாட்டு ஒரு கல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது ராஜகோபாலின் மனைவி லதா, கரண்டியும் கையுமாக வந்து, அந்த வீட்டில் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஏன் நிகில், கையில இதை எதுக்குப் போட்டுண்டே?"

நிகில் சட்டைக்கையை இறக்கிவிட்டான். "ஆக்சுவலி ஆன்ட்டி, அது வந்து..."

"அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் ராஜகோபால்.

"அதானே? அவனைப் போய்க் கேக்கறேளே," என்றார் சேஷன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள். சேஷன் உட்கார்ந்தார். ராஜகோபால் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தங்கள் கையில் இருப்பதன் அர்த்தமே தெரிவதில்லை என்று இருவரும் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார்கள். தலைகள் ஆடின. தையில் முகூர்த்தம்.

கிளம்பும்போது நிகிலுடன் நானும் கார் வரை போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு ஒன்று கண்ணில் பட்டிருந்தது. டிராகனின் வயிற்றுச் செதில்களுக்கு அடியில், பழைய நீல மையில், மது என்று ஒரு பெயர் மங்கலாகத் தெரிந்தது.

"பாத்துட்டீங்களா அங்கிள்?" என்றான். "காலேஜ் டைம்ல, முனிர்கா ஏரியாவுல ரூம் எடுத்து இருந்தப்போ போட்டது. அது முடிஞ்சு போச்சு. இதை மூடணுமில்லையா, அதுக்குத்தான் மேல ட்ராகன்."

"ப்ரீதாவுக்குத் தெரியுமா தம்பி?"

"டிசைன் செலக்ட் பண்ணதே அவதான். கடைல நாலு டிசைன் இருந்தது. மயில், ரோஜா, சிங்கம், இது."

"ஏன் இதை எடுத்தா?"

"இதுதான் நீளம் அங்கிள். பேர் ஃபுல்லா மறைஞ்சுடும்னா."

லதாவின் கேள்விக்கு அவனைப் பதில் சொல்ல விட்டிருந்தால் அன்றைக்கே கல்யாணம் நின்றிருக்கும். இரண்டு பூர்வீகர்களும் அவன் வாயை மூடிக் காப்பாற்றினார்கள். அந்த வகையில் இந்த இனத்தால் உலகத்துக்கு நன்மையும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

நீங்கள் இப்படியெல்லாம் இல்லை. சந்தோஷம். ஆனால் இவ்வளவு நேரமும் மனசுக்குள், "யாளியும் இல்லை, எலும்பும் இல்லை, முதலையைப் பார்த்துத்தான் டிராகன் வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அது என்ன? போகட்டும். இன்று காலை உங்கள் வீட்டில் ஒருவர் "அது வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீதியை நீங்களே சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். அவர் என்ன சொல்ல வந்தார்?