ஏழு மணித் தொடரும் எங்கள் மருமகனும்

கிண்ணியா

தமிழ் டப்பிங் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத தங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இதுவரை கடிதம் போனது கிராம சேவகருக்கு மட்டும்தான். தாங்களும் தொடருக்குக் குரல் கொடுப்பவர்களும், குறிப்பாக மாமியாருக்காகக் கத்துபவரின் தொண்டையும், நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இந்தக் கடிதத்தில் கோரிக்கை எதுவும் இல்லை. தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். தொலைக்காட்சி பார்ப்பவர்களைத் தொடர்கள் மாற்றுகின்றனவா என்பதே என் ஆய்வு. அறுபது வினாக்கொத்து கொடுத்தேன். முதலாவதை நிரப்பியவர் என் உம்மா. ‘தொடர் உங்கள் நடத்தையை மாற்றுகிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று கோடிட்டுவிட்டு, தொடர் தொடங்கப்போகிறது, கெதியாகப் பேனையை வாங்கிக்கொள் என்றார். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார்கள். மாற்றுவதில்லை என்று முடிவு எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன்.

உங்கள் ஏழு மணித் தொடரில் மருமகள் மாமியார் வீட்டுக்கு வாழ வருகிறாள். எங்கள் ஊரில் அப்படியில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு இங்கே வருவார். உம்மாவுக்கு நானும் ஸல்ஹா ராத்தாவும் மட்டும்தான் பிள்ளைகள் என்பதால், இந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வர வழியே இல்லை. ஆனால் இரண்டு வருடம் தொடர் பார்த்தபிறகு உம்மா அந்த மாமியாரைப்போல அலுமாரித் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகத் தொடங்கினார். மாமியாராக இருப்பதற்கு வேண்டிய எல்லாம் அவரிடம் வந்துவிட்டது, மருமகளைத் தவிர. ஆகவே வீட்டுக்குள் கலியாணம் முடித்து வந்தவர் யாரென்று சுற்றிப் பார்த்தார். ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் ரிஷாத் மச்சான், கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மூதூர்க்காரர். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். முன்பெல்லாம் பெரிய மீன் துண்டு அவருடைய சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். உம்மா அவர் முன்னால் சத்தமாக இருமக்கூட மாட்டார். இப்போது அவர் பாரை மீனோடு வந்தால் உம்மா மீனைப் பார்த்து, அவரைப் பார்த்து, முகத்தைத் திருப்புகிறார். தொடரில் அந்த முகத்தை மூன்று தரம் காட்டுவீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தரம்தான், ஆனால் போதுமாக இருந்தது. அடுத்த வீட்டு பஸ்மியா மாமி வந்து, “மருமகனுக்கு இடம் குடுத்தா தலைக்கு மேல ஏறிருவாங்க” என்று உம்மாவுக்குத் தைரியம் சொன்னார். அவரும் அதே தொடர்தான் பார்க்கிறார். எங்கள் ஒழுங்கையில் மொத்தம் ஐந்து மருமகன்மார். ஐந்து பேரும் ஏழு மணிக்கு இக்ராம் நானாவின் தேநீர்க்கடையில் இருக்கிறார்கள், தொடர் முடிந்த பிறகுதான் எழும்புகிறார்கள். வாப்பாவும் இந்த வீட்டுக்கு முப்பது வருடத்துக்கு முன் மருமகனாக வந்தவர். முன்னெச்சரிக்கையாக அவரும் போகிறார்.

போன மாதம், காணாமற்போன சங்கிலிக்காக மருமகளின் பையை விருந்தாளிகள் முன்னால் கொட்டிய காட்சி வந்தது. இரண்டு நாள் கழித்து உம்மாவின் சங்கிலியைக் காணவில்லை. அன்று ராத்தாவைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ராத்தாவுக்கு இப்போது ஏழு மாதம். மச்சான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுமுன் உம்மா அவருடைய பையை வாங்கி மேசையில் கொட்டிவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியும், ராத்தாவுக்கு வாங்கிய ஒரு பை பேரீச்சம்பழமும் விழுந்தன. மச்சான் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார், பேரீச்சம்பழத்தை மட்டும் மேசையில் வைத்தார்.

“மாமி, எங்கட உம்மா கூட என்ட பேக்கைத் தொறந்து பாத்ததில்ல” என்றார். அவ்வளவுதான். மூதூருக்குப் போய்விட்டார். பதினொரு நாளாகிறது. ராத்தா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள். சங்கிலி குளியலறை ஆணியில் இருந்தது.

பொதுசனத் தொடர்பு சாதனங்கள் பற்றிய என் அறிவில் ஒரு சிறு திருத்தம் ஏற்பட்டிருப்பதைத் தெரிவிப்பதே என் நோக்கம். தங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் நல்ல சுகமும், மாமிமாருடைய நல்லெண்ணமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அம்ரா ஸெய்னுதீன்

பி.கு: கோரிக்கை இல்லை என்று மேலே எழுதியது சரியல்ல. ஒன்று இருக்கிறது. நேற்று உம்மா குசினியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “மாமி மருமகன்ட்ட மன்னிப்புக் கேக்கிறண்டா எப்பிடிக் கேக்கிற? நான் எங்கயும் கண்டதில்லயே.” படித்த பிள்ளை என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வரும் வியாழக்கிழமை மாமியார் மருமகளின் அறை வாசலில் நின்று ஏதோ சொல்வதாக முன்னோட்டத்தில் காட்டினீர்கள். இசை போட்டிருந்ததால் சொல்வது கேட்கவில்லை, ஆனால் வாய் பதினொரு விநாடி அசைகிறது. அந்த இடத்தில் “நான் செய்தது பிழை. வீட்டுக்கு வாங்க, சாப்பிடுவம்” என்று தமிழில் போடமுடியுமா? வாயசைவு பொருந்தாதே என்று யோசிக்க வேண்டாம். இரண்டு வருடமாகப் பொருந்தவில்லை, இங்கே ஒருவரும் குறை சொன்னதில்லை. ‘மருமகளே’ என்ற சொல் மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உம்மா கேட்டதை அப்படியே சொல்லக்கூடியவர்.