மைத்துனனுக்கு ஒரு சைலன்சர்

வண்டியைக் கிளப்பியதும் அடுப்படியில் டம்ளர்கள் ஆடின. சைலன்சர் துருப்பிடித்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"இதோடயா தம்பிக்குக் குடுப்பீங்க?" என்றாள் அவள்.

தம்பிக்கு வேலை கிடைத்ததும், "எங்க வண்டியை எடுத்துக்கோடா" என்று வாக்குக் கொடுத்தவள் அவள்தான். கணவர் தினமும் பழைய பனியனால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. ஆனாலும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தங்கமான மனுஷன் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"புதுசு மாத்திடலாமா?" என்றார் அவர்.

"சும்மா குடுக்கிற வண்டிக்குப் புதுசு வேறயா? இருக்கிறதை அடைச்சுக் குடுங்க."

"எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதேம்மா."

அது ஊரறிந்த விஷயம். கல்யாணமான நாளாகக் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் மச்சானுக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

முதலில் பால்பவுடர் டப்பாவை வெட்டி ஓட்டையில் சுற்றிக் கம்பியால் கட்டினார். பழைய சத்தத்தோடு 'கடகட'வும் சேர்ந்துகொண்டது.

அடுத்து ஏதோ பசையை அப்பினார். அது சூட்டில் கருகித் தெருவெல்லாம் நாற்றம். பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

"எதிர்வீட்டுத் தையல்காரர் வண்டியும் இப்படித்தான் கத்திக்கிட்டிருந்துச்சு. இப்ப பூனை மாதிரி போகுது. யாரோ கைராசிக்காரன். யாருன்னு கேளுங்களேன்."

அவருக்கு இருமல் வந்தது. "நம்ம வேலையை நாமதான் பார்க்கணும்."

அந்த வைராக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதோ பெரிய வண்டியின் சைலன்சரைத் தூக்கி வந்து மாட்டினார். வண்டியை எடுக்க வந்த தம்பி ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினான். தெருநாய்கள் தெருவையே காலி செய்தன.

தம்பி மெதுவாக இறங்கி அக்காவைத் தனியாக அழைத்துப் போனான்.

"அக்கா, நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன். மாமா இவ்வளவு பாடுபட்டிருக்காரு, மனசு நோகாம நீயே சொல்லிடு."

அவள் வந்து சொன்னதும் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் கையாலாகாத்தனம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நகமெல்லாம் கரி, முழங்கையில் சூடு பட்ட காயம். எந்த மாமன் மச்சானுக்காக இவ்வளவு செய்வான்?

"விடுங்க. வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். புது சைலன்சரே வாங்கி மாட்டிக்கோங்க."

"நீ சொன்னா சரி," என்றவர், கை கழுவப் போனார். உள்ளே சொட்டுக் குழாயின் சத்தத்தை மீறிச் சீட்டி ஒலி கேட்டது.

வாசலில் எதிர்வீட்டுத் தையல்காரர், கனமான பை ஒன்றுடன் நின்றார்.

"சார் ஸ்பேனர் பையை எங்க வீட்டுலயே மறந்துட்டாரும்மா. அரை மணி நேரத்துல என் சைலன்சரை அடைச்சு, அப்படியே எங்க சொட்டுக் குழாயையும் நிறுத்திக் குடுத்தாரு. நீங்க குடுத்து வச்சவங்க."