சுவரை மாப்பிள்ளை என்றவர்

மதுரைச் சீமையில் மனிதர்களை நலம் விசாரிக்கிறவர்கள் ஏராளம். பாறைச் சுவரை நலம் விசாரித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைச் ‘சுவர் ராவுத்தர்’ என்போம்.

யுத்தத்துக்கு முந்திய காலம். உசிலம்பட்டி ரோட்டருகே அவர் எடுத்து நடத்திய கல்குவாரியில் நான் கணக்கப்பிள்ளை. கல் தீர்ந்ததும் அவருடைய கூட்டாளி டவுனுக்கு வண்டி கட்டிவிட்டார். ராவுத்தர் கிளம்பவில்லை. காரணம், குவாரியின் கிழக்குச் சுவர். மழைக்கு மழை அது சரிந்து, எங்களுக்குக் கல் உடைத்தவர்களின் குடிசைகளை நெருங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் இருந்த கருப்பாயி வீட்டுத் தரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

“சனங்கள வேற எடம் பாக்கச் சொல்லும்யா” என்றார் கூட்டாளி.

“பள்ளம் வெட்டுனது நம்ம. அவுக ஏன் போகணும்?” என்றார் ராவுத்தர்.

மறுநாள் கோட்டும் சிவப்புத் துருக்கித் தொப்பியுமாகக் குழிக்குள் இறங்கி, சுவரைத் தடவிப் பார்த்தார். “என்ன மாப்ள, சொகமில்லையா?” என்று கேட்டார். பிறகு என்னிடம், “வயித்துல தண்ணி கோத்திருக்கு கணக்கப்பிள்ளை. அது வெளிய போனாத்தேன் மாப்ள நிமிந்து நிப்பாரு” என்றார்.

வைத்தியம் ஆரம்பமானது. மழைத்தண்ணீர் சுவர்ப்பக்கம் வராமல் மேலே ஒரு வாய்க்கால் வெட்டினோம். குழியைச் சுற்றி மலைபோல் கிடந்த கழிவுக்கல்லை மறுபடி உள்ளே இறக்கி, சுவரோடு அணைத்துப் படிப்படியாக அடுக்கினோம். தண்ணீர் கசிய இடைவெளி விட்டோம். படிக்குப் படி மண் கொட்டி, அதைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர் நட்டோம்.

கல்லுக்கூடையோடு வந்த கருப்பாயி என் காதில் கேட்டாள்: “எடுத்த கல்ல எடுத்த எடத்துலயே போடுறாரே, மொதலாளிக்கு வெயிலு தலைக்கேறிருச்சா?”

வெட்டிவேர் துளிர்த்ததும் அவளுடைய ஆடுகள் விருந்துக்கு வந்தன. ஒரே காலையில் கீழ்ப்படி மொட்டை. ராவுத்தர் ஆடுகளுக்கு நியாயம் எடுத்துச் சொன்னார். அவை மென்றுகொண்டே கேட்டன.

“நா கல்லு தூக்க வந்துட்டா ஆட்ட யாரு மேய்ப்பா மொதலாளி?” என்றாள் கருப்பாயி.

யோசித்தார். “நாந்தேன்.”

அன்றுமுதல் கோட்டும் தொப்பியுமாகக் காண்ட்ராக்டர் ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் போனார். வண்டியில் வந்த அவருடைய மச்சினன் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேறொருவர் வண்டியை நிறுத்தி, “என்ன பாய், ஆட்டு யாவாரத்துல எறங்கிட்டீகளா?” என்றார்.

“யாவாரமில்லப்பா. மாப்ளைக்கு முடி வளருது. இதுக மேஞ்சுபுடாம பாத்துக்கிறேன்.”

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடிசைக்காரர்களும் நானும் சட்டிபானையோடு மேட்டில் ஏறி நின்றபோது, ராவுத்தர் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய்க் கருப்பாயி வீட்டு வாசலில், விளிம்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

“மொதலாளி, இங்கிட்டு வந்துருங்க” என்று கத்தினேன்.

“அவுகள இங்க குடியிருக்கச் சொன்னது நானு. நா எந்திரிச்சா நல்லாருக்குமா?”

திடீரென்று இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். குழிக்குள் புகைபோலச் சேற்றுத் தண்ணீர் எழும்பியது. சரிந்தது எதிர்ச்சுவர். ஆளில்லாத பக்கம் என்று நாங்கள் தொடாமல் விட்ட சுவர். எங்கள் சுவரிலோ, கல்லிடுக்கெல்லாம் தண்ணீர் மண் கலக்காமல் தெளிவாகப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. ஒரு படிகூட நகரவில்லை.

முதல் குலவை கருப்பாயியுடையது. அப்புறம் அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் ராவுத்தரிடம் ஓடினேன். முகமெல்லாம் சிவப்பாக வழிந்தது. ரத்தம் என்று பதறித் துடைத்தால், தொப்பிச் சாயம்.

“ஒரு கல்லு அசையல, பாத்தீரா?” என்றார்.

அடுத்த வருஷம் அந்தப் படிகளில் முருங்கையும் அவரையும் காய்த்தன. கூட்டாளி டவுனிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டிவந்து, “எங்க வேலதேன்” என்று காட்டினார். ராவுத்தர் மறுக்கவில்லை. எல்லாருக்கும் முருங்கைக்காய் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால், இப்போதும் நான் அந்தக் குவாரி வருகிற பக்கத்து ஜன்னலோரமாகத்தான் உட்காருகிறேன்.