சித்தர் எடுத்த காப்பர் டி

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடராஜர் கோயிலுக்கு ஆட்டோ கேட்டால், டிரைவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். "செம்புச் சித்தர் மடம்" என்று சொல்லிப் பாருங்கள், கதவு இருந்தால் கதவையே திறந்து விடுவார். செவ்வாய், வெள்ளியில் அவ்வளவு கூட்டம்! பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். "காப்பர் டி நெஞ்சில் ஏறுமுன் நெஞ்சாரச் சரணடைவீர்!" கீழே அலைபேசி எண், யூடியூப் சேனல் பெயர், சிங்கத்தின் மேல் உட்கார்ந்த சித்தர். பாவம், சிங்கத்துக்குத்தான் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

சித்தரின் இயற்பெயர் சபாபதி. முன்பு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை வாந்தி எடுத்தால் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, "பாத்தியா, தொண்டையில சிக்கிக் கெடந்துச்சு" என்று ஒரு சோற்றுப் பருக்கையைத் துப்பிக் காட்டுகிற வைத்தியம். பெற்றவர்கள் சிரப்புக்கு மாறியதும் பிழைப்பு படுத்துவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டார். "கர்ப்பப்பையில வைக்கிற காப்பர் டி மேல ஏறி நெஞ்சுல குத்துமாம்டி!" அவ்வளவுதான், சபாபதிக்கு ஞானம் பிறந்துவிட்டது. பருக்கையைத் துப்பிய வாய் செம்பைத் துப்ப ஆரம்பித்தது.

சித்தர் பெண்முகம் பார்க்காதவர். அதனால் நடுவில் ஒரு மஞ்சள் திரை, அதில் தொப்புள் உயரத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. அந்தப் பக்கம் சித்தர் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் பெண்கள் வயிற்றில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, ஒவ்வொருத்தியாக ஓட்டையில் தொப்புளைக் காட்ட வேண்டும். வரிசையை ஒழுங்கு பண்ணுவது அவர் மனைவி மங்கலம். பெண்முகமே பார்க்காதவர் மங்கலத்தை எப்படிக் கட்டினார் என்று கேட்டால் நீங்கள் நாத்திகர்.

காசையும் கையால் தொட மாட்டார். வாசலில் மச்சான் ஆண்டி போட்டிருக்கும் கடையில் ஒரு செம்புப் பாத்திரம் வாங்கிக் காணிக்கையாக வைத்தால் போதும். வைத்த செம்பு பின்பக்கமாகப் போய்த் திரும்ப ஆண்டி கடையில் உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் வயிற்றில் செம்பு ஏறியதோ இல்லையோ, இந்தச் செம்புகள் பொழுதுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இந்தச் சித்தரிடம் போவதா, டாக்டர் பேச்சைக் கேட்பதா என்றுதான் கடலூர் பெலிசியா குழம்பிக் கிடந்தாள்.

பெலிசியா லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். இப்போதைக்கு இன்னொன்று உண்டானால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரை சாப்பிட்டால் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆணுறை வாங்கி வா என்று புருஷன் லூர்து பிரகாஷிடம் சொன்னால், மறக்காமல் மறந்துவிட்டு வருவான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், ஊரில் எல்லார் வீட்டு வழியும் ஞாபகம் இருக்கும். மெடிக்கல் ஷாப் வழி மட்டும் ஞாபகம் இருக்காது. தீட்டு ஒருநாள் தள்ளிப்போனாலே பெலிசியா காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவாள். காப்பர் டி போட்டுக்கொள்ளலாம் என்று அவள் முடிவெடுத்த நேரத்தில்தான் சிந்துஜா குறுக்கே விழுந்தாள்.

சிந்துஜா அதே கடையில் சுடிதார் செக்‌ஷன். கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே மினுமினுவென்று செம்பில் ஒரு டி.

"எம் பொண்ணு பொறந்ததும் இத வச்சாங்க பெலி. நெஞ்செல்லாம் ஒரே எரிச்சல். சித்தருகிட்ட போனேன், நெஞ்சுக்குழியில நிக்கிதுன்னு உறிஞ்சி எடுத்தாரு. தயிர்சோறு மட்டும் சாப்பிடச் சொன்னாரு. எரிச்சல் போயே போச்சு."

காரக்குழம்பும் பட்டினியுமாக நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்குத் தயிர்சோறு போட்டால் நெஞ்செரிச்சல் போகாமல் என்ன செய்யும்? ஆனால் அதையெல்லாம் யோசிக்கவா சித்தரிடம் போகிறார்கள்?

"அப்புறம் ஏண்டி அழுவுற?" என்றாள் பெலிசியா.

"எடுத்து ரெண்டு வருஷமாச்சு. அடுத்த புள்ள தங்கவே மாட்டுது. சித்தரு செம்புதோஷம்னு சொல்லி மாசாமாசம் பூசை பண்றாரு. எங்க மாமியா எங்க வூட்டுக்காரருக்கு மங்கலம்பேட்டையில வேற பொண்ணு பாக்குது. இவரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

இதைக் கேட்ட பிறகு பெலிசியாவுக்குக் காப்பர் டி என்ற வார்த்தையே கசந்தது. போட்டால் நெஞ்சுக்கு ஏறும், எடுத்தால் பிள்ளை தங்காது. இதென்னடா வம்பு!

வீட்டில் மாமியார் சவரிமேரி ஒரே போடாகப் போட்டாள். "முதல்ல சித்தருகிட்ட காட்டுவோம். உன் ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு அவரு சொல்லட்டும்." சவரிமேரி நவநாள் ஜெபம் ஒன்று விடாதவள். ஆனால் பயம் வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு மதம் தடையே இல்லை. அதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை!

"சரி அத்தை, போவோம். அதுக்கு முன்னால டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்று பெலிசியா மாமியாரையும் கூட்டிக்கொண்டு டாக்டர் ரெபேக்காவிடம் போனாள்.

ரெபேக்கா நிறையக் கேட்டார். தீட்டு எப்படிப் போகிறது, ரத்தசோகை உண்டா, வெள்ளைப்படுதலில் நாற்றம், அடிவயிற்று வலி ஏதாவது இருக்கிறதா, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும்? ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். "கர்ப்பப்பை சுத்தமா இருக்கு" என்றார்.

"நெஞ்சுக்கு ஏறுமா டாக்டர்?" சவரிமேரிதான் கேட்டாள்.

"ஏறுறதுக்கு உள்ள என்ன ஏணியா போட்டிருக்கு? கர்ப்பப்பையிலேருந்து நெஞ்சுக்கு வழியே கெடையாதும்மா. ஆனா ஒண்ணும் ஆவாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். முதல் சில மாசம் போக்கு ஜாஸ்தியா இருக்கும், வலிக்கும். சிலருக்குத் தானா கழண்டு வந்துடும். ரொம்ப அபூர்வமா கர்ப்பப்பைச் சுவத்தக் குத்திடும். அதனாலதான் அதோட அடியில தொங்குற நூல் இருக்கான்னு அப்பப்ப பாக்கணும். தட்டுப்படலன்னா ஒடனே வரணும். ஒத்துக்கலையா, எடுத்துடலாம். எடுத்ததும் புள்ள உண்டாகலாம், அதுக்கு ஒரு தடையும் இல்ல."

"அப்ப நான் போட்டுக்கலாமா?"

"ஒனக்குப் போடலாம். இப்பதான் ஒரு பொண்ணு வந்துச்சு, ஏற்கெனவே போக்கு ஜாஸ்தி, ஒடம்புல ரத்தமே இல்ல. அதுக்கு இது வேணாம்னு வேற வழி சொன்னேன். எல்லாருக்கும் ஒரே அளவுல ஜாக்கெட் தைக்க முடியுமா? போட்டுக்கறதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும்."

சொல்லிவிட்டு மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துப் பெலிசியாவின் உள்ளங்கையில் வைத்தார். பெலிசியா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை பிளாஸ்டிக். வளைத்தால் வளைகிறது. அதன் மேல் மெல்லிசாகச் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. அடியில் இரண்டு நூல்.

"டாக்டர், முழுக்கச் செம்புலயே வருமா?"

"முழுக்கச் செம்பா? அது கொல்லன் பட்டறையில வரும்."

பெலிசியாவுக்குப் பொறி தட்டியது. சிந்துஜாவின் முடிச்சில் இருந்தது முழுச் செம்பு. பிளாஸ்டிக்கும் இல்லை, நூலும் இல்லை. பெயரில் காப்பர் இருக்கிறது, ஆகவே ஆசாமி காப்பராலேயே ஆனது என்று முக்காலமும் உணர்ந்த சித்தர் முடிவு கட்டிவிட்டார்! கண்ணால் ஒன்றைப் பார்த்திருந்தால்தானே?

ஆனால் சிந்துஜாவிடம் சொன்னபோது அவள் கோபித்துக்கொண்டாள். "நூலு உள்ள கரைஞ்சிருக்கும். சித்தரைப் பத்தித் தப்பாப் பேசாத, எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அவருதான்." அந்தப் பேச்சுதான் பெலிசியாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒருத்தியின் வாழ்க்கையே போய்க்கொண்டிருக்கிறது, அவள் திருடன் காலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்!

அடுத்த செவ்வாய்க்கிழமை லூர்து காரை எடுத்தான். பெலிசியா, சவரிமேரி, பூசைக்குப் போகிற சிந்துஜா, மூன்று பேரும் ஏறினார்கள்.

கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. பெலிசியா முறை வந்ததும் மஞ்சளைப் பூசிக்கொண்டு திரை ஓட்டையில் வயிற்றைக் காட்டினாள். மங்கலம் கேட்டதற்கு, "காப்பர் டி போட்டதுலேருந்து நெஞ்சு வலி" என்று சொல்லிவைத்தாள். பித்தளைக் குழல் தொப்புளில் பதிந்தது. அந்தப் பக்கம் "ஹூம்... ஹூம்..." என்று மாடு செருமுகிற மாதிரி சத்தம். டிங்! தட்டில் ஒரு செம்பு டி விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"நெஞ்சுக்கு நாலு விரக்கடை கீழ நின்னுச்சு தாயி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒன்ன எடுத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்றது திரைக்குப் பின்னால் அருள்வாக்கு.

"சாமி, நான் இன்னும் காப்பர் டி போடவே இல்லையே!"

குலவை அப்படியே நின்றது. ஆனால் சபாபதியா சளைப்பார்?

"ஒனக்கு வயித்தக் கிழிச்சுத்தான புள்ள எடுத்தாங்க? அப்பவே ஒனக்குத் தெரியாம வச்சுட்டாங்க தாயி."

"ஆமாமா, அப்படித்தான் செய்வாங்க!" என்றது கூட்டம்.

சவரிமேரிக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்புடி? போன வாரந்தான ஸ்கேன் பாத்தாங்க? பை சுத்தமா இருக்குன்னு எங்கிட்டதான சொன்னாங்க? நான் என்ன செவிடா?"

"மெஷினுக்குத் தெரியாதும்மா, சித்தருக்குத்தான் தெரியும்" என்றாள் ஒருத்தி. கையில் ஸ்மார்ட்போனை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெலிசியா மாமியார் காதைக் கடித்தாள். "அத்தை, அந்த மங்கலத்தைக் கொஞ்சம் வாசலுக்கு இழுத்துட்டுப் போங்க."

சவரிமேரிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? "இன்னாம்மா, நான் வாங்கின செம்புல நசுங்கல் இருக்கு? வா, வந்து மாத்திக் குடு!" என்று மங்கலத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆண்டி கடைக்குப் போனவள், அங்கே ஊரையே கூட்டினாள். அந்த நேரத்தில் பெலிசியா பக்கவாட்டுத் தட்டியைத் தூக்கி லூர்துவை உள்ளே இழுத்தாள். பெண்கள் "ஐயே!" என்று எழப் போனார்கள். பெலிசியா வாயில் விரலை வைத்தாள். என்னதான் பக்தி என்றாலும் வேடிக்கை என்று வந்துவிட்டால் நம்மவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

கார் ஓட்டி ஓட்டி லூர்து வளர்த்த தொப்பை, பிள்ளை பெற்ற வயிற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பெலிசியா சட்டையைத் தூக்கி, மஞ்சளை நன்றாக அப்பி, அவனை ஓட்டையோடு சேர்த்து நிறுத்தினாள்.

"பேரு?" என்றார் சித்தர்.

"பிரகாசி, சாமி. ரெண்டு புள்ளைக்காரி. ரொம்ப நாளா வயித்து வலி" என்றாள் பெலிசியா, குரலை மாற்றிக்கொண்டு.

குழல் பதிந்தது. லூர்துவுக்குக் கூச்சம் தாங்காமல் வயிறு குலுங்கியது.

"பாத்தீங்களா, உள்ள துடிக்குது! இவளுக்குத் தொண்டைக்குழி வரைக்கும் ஏறிடுச்சு!" ஹூம்... ஹூம்... டிங்! "எடுத்தாச்சு தாயி! கர்ப்பப்பை நல்ல பலமா இருக்கு. அடுத்தது ஆம்பளப் புள்ளதான், எழுதி வச்சுக்க!"

பெலிசியா திரையைப் பிடித்து ஒரே இழு. கயிறு அறுந்து திரை கீழே விழுந்தது. முறுக்கு மீசையும் மஞ்சள் தொப்பையுமாக லூர்து பிரகாஷ் நின்றான்.

"வணக்கம் சாமி" என்றான் அவன். "பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரின்னும் சொல்லிடுங்க, வண்டி நம்மளுதுதான்."

சித்தர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெண்முகங்களைப் பார்த்தார், அத்தனை பேரையும் ஒரேயடியாக! பெலிசியா குழலைப் பிடுங்கித் தட்டில் தலைகீழாகத் தட்டினாள். அடிப்பக்கத்திலிருந்து இன்னும் சில செம்பு டிக்கள் உருண்டு விழுந்தன. யாருடைய நெஞ்சுக்கு ஏறக் காத்திருந்தவையோ! பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் செருப்பைத் தேடினார்கள். சித்தர் பின்வாசல் வழியாக, தன் செம்புகள் போகிற அதே பாதையில் ஓடினார்.

சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் முடிச்சை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெலி, அப்ப என்னோடது?"

அது வைத்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் ரெபேக்கா ஸ்கேனில் காட்டினார். பிள்ளை உண்டாகாமல் தடுப்பதற்காக வைத்தது, ஒருநாளும் லீவு போடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எடுத்தாயிற்று என்று நம்பியவள் நூலைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ரெபேக்கா அந்த நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தார், வந்துவிட்டது. சிந்துஜா வாய்விட்டு அழுதாள். பிள்ளை தங்காதவள், தோஷக்காரி என்று வாங்கிய பேச்சு, பட்டினி கிடந்த பூசைகள், வேறு பெண் பார்த்துவிட்டு வந்த மாமியார் போட்ட சாப்பாடு, எல்லாம் அந்த அழுகையில் வந்தது. ஒருவன் செம்பு விற்பதற்காக ஒரு பெண்ணை இரண்டு வருஷம் உயிரோடு வாட்டியிருக்கிறார்கள். அவள் புருஷன் பழனிவேல் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும்.

பெலிசியா யோசித்துவிட்டுக் காப்பர் டி போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னபடியே முதல் மாதம் போக்கு ஜாஸ்தியாக இருந்தது, இடுப்பு வலித்தது, பிறகு குறைந்தது. நெஞ்சுக்கு மட்டும் ஏறக் காணோம்.

செம்புச் சித்தர் என்ன ஆனார் என்கிறீர்களா? மங்கலம்பேட்டைப் பக்கம் கல் சித்தராக அவதாரம் எடுத்திருக்கிறார். தொப்புள் வழியாகச் சிறுநீரகக் கல் எடுக்கிறார். இப்போது ஆண்களும் வரிசையில் நிற்கிறார்கள். அதே மஞ்சள் திரை, அதே ஓட்டை.

அந்தத் திரையில் தொப்புளுக்குத்தான் ஓட்டை போட்டிருந்தார்கள், கண்ணுக்குப் போடவில்லை. அது ஏன் என்று இத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தர் கேட்டிருந்தால் சபாபதி இன்றைக்கும் சோற்றுப் பருக்கைதான் துப்பிக்கொண்டிருப்பார். எவனாவது உங்கள் முன்னால் திரை கட்டினால், வயிற்றைக் காட்டுவதற்கு முன்னால் திரையைத் தூக்கிப் பாருங்கள்!