சாவியோவின் அரைத்தட்டு

வாழ்க, நாற்கம்பி நாயகன்! கப்பல்கள் கொணர்ந்து குவிக்கும் சரக்குப் பெட்டிகளைப் பகலெல்லாம் எண்ணிக் கை சலித்தும், ஞாயிறு பிறந்தால் அதே கையால் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளை மீட்டி ராயபுரத்து மாதா கோயில் பாடகர் குழுவைத் தாங்கி நிற்கும் தூண் அனையான், அக்கருவியை முதன்முதல் கண்ட தெருவார் "இன்னா மாமு, ரெண்டு கம்பி அறுந்து பூட்சா?" என்று வினவியபோதும் சினம் கொள்ளாத பொறுமைக் கடல், முப்பத்தாறு வயதையும் முன்தலை வழுக்கையையும் ஒருசேர எய்திய சாவியோ என்னும் செம்மல் வாழ்க! எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் தவழ்ந்து வரும் சாம்பல் சுமந்த காற்றே, அவன் ஆற்றிய பெரும்போரைப் பாட எமக்குக் குரல் தருவாயாக. இருமல் மட்டும் தராதிருப்பாயாக.

போர் மூண்ட காரணம் யாதெனில், ஒரு குடலிறக்கம்.

ஆங்கர்ஸ் என்னும் ராக் இசைக்குழுவை வடசென்னை அறியும். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் தோளில் புரளும் முடியோடு தோன்றி, ரயில்வே மன்றத்து நடனங்களிலும் புத்தாண்டு இரவுகளிலும் இடியென முழங்கி, முடி உதிர்ந்தபின்னும் தாம் உதிராமல் நின்ற முதுபெரும் சிங்கங்கள் அவர்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு கேசட்டும் வெளியிடாதவர்கள், இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் வெளியிடத் துணிந்தனர். துணிந்த வாரமே அவர்களுடைய பேஸ் கிட்டார்க் கிழவருக்குக் குடலிறக்க அறுவை நிகழ்ந்தது. மூன்று மாதம் எடை தூக்கலாகாது என்றார் மருத்துவர். பேஸ் கிட்டார் எடையே. ஆகவே ஒருநாள் வாசிப்புக்கு ஆள் தேடினர். தேடிய விரல் சாவியோவின் மேல் வந்து நின்றது.

அந்நாள் முதல் அவன் கால்கள் தரையில் பாவவில்லை. தெருமுனை டீக்கடை, துறைமுக வாயில், முடிதிருத்தும் கடை ஆகிய மூன்று உலகங்களிலும் செய்தி பரவியது. பரப்பியவன் அவனே. "கேசட்டு வந்தா நீ கண்ண மூடிகினு கேளு, அடியில ஒருத்தன் நடந்து போற மாதிரி ஒரு சத்தம் வரும், அது நான்தான்" என்று மனைவி ரூத்திடம் அவன் மொழிந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்நல்லாள், "நடக்கட்டும், நடக்கட்டும்" என்றாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லாரி டயர்க் கடைக்கு மேல்மாடியில், சுவரெங்கும் முட்டை அட்டைகள் ஒட்டப்பெற்று ஒலி காக்கும் ஓர் அறையே போர்க்களம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை அது ஆங்கர்ஸுக்கு. ஐந்தடித்தால் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ ஒன்றுக்குக் குரல் கொடுக்க வேறொரு கூட்டம் வந்துவிடும். கண்ணாடிக்கு அப்பால் பதிவுக்கருவியின் முன் வீற்றிருந்தான் ஒலிப்பொறியாளன் குமாரவேல். இப்பால், முரசுகள் சூழ நடுநாயகமாய் அமர்ந்திருந்தார் குழுவின் தலைவர் லட்சுமணன்: ரயில்வே பணிமனையில் முப்பதாண்டு இரும்பு அடித்து ஓய்வு பெற்றபின் டிரம்ஸை மட்டுமே அடிக்கும் வியாசர்பாடி வேங்கை, வெண்ணிற மீசையுடையார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பாட்டை எல்லோரும் ஒருசேர, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். பிழை நேர்ந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தி ஒட்டுதல் ஆகாது. "ஒட்டுப் போட்டா அது பாட்டு இல்ல நைனா, சைக்கிள் டியூப்பு" என்பது அவர் திருவாக்கு.

மற்றோர் ஆபத்து மூலையில் இருந்தது. அதன் பெயர் பஷீர். கீபோர்டு வாசிக்கும் பஷீர் பகைவன் அல்லன், இனியவன், சமோசாவைப் பாதி பிய்த்துக் கொடுப்பவன். ஆனால் அவன் கருவியில் பேஸ் என்று எழுதிய ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கிவிட்டு இடக்கையால் வாசித்தால் சாவியோ என்னும் மனிதன் உலகுக்குத் தேவையில்லை. "ஐஞ்சுக்குள்ள முடிஞ்சா நீ. முடியலன்னா பஷீர் பட்டன்ல வாசிச்சிடுவான். மனசுல வச்சிக்காத" என்று லட்சுமணன் காலையிலேயே பிரகடனம் செய்திருந்தார்.

நண்பகலில் பதிவின் முதல் முயற்சி, முதல் டேக், எழுந்தது. லட்சுமணனின் கோல்கள் நான்கு முறை மோதின. கிட்டார்கள் இரண்டும் களிறுகளெனப் பிளிறின. அவற்றின் அடியில் சாவியோவின் பேஸ், படை செல்லும் பாதை தானே எழுந்து நடந்தாற்போல் உறுமி நடந்தது. முதற்சரணம் முடிந்தது. அக்கணம் நம் நாயகனின் தலை, யாரும் பணிக்காமலே, மெல்ல நிமிர்ந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. அரைத்தட்டுக் காலம் கழித்தே அது கம்பியின்மேல் இறங்கியது; பாட்டு முழுவதும், வேகத்தடையில் ஏறிய மாநகரப் பேருந்தைப் போல் ஒருமுறை தூக்கிப் போட்டது.

கோல்கள் நின்றன. "இன்னா நைனா, பாட்டு ஓடிகினு கீது, நீ இன்னாத்துக்கு நடுவுல நின்னு வேடிக்க பாக்குற?"

"சாரி சார். கோயில் பழக்கம்" என்றான் சாவியோ.

அது பொய்யன்று. மாதா கோயிலில் முன்வரிசையில் நின்று பாடிய சிலுவையம்மாள், சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து முடிக்கும்வரை பங்குத்தந்தையே ஆனாலும் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அம்மூச்சுக்காகக் காத்த விரல்கள், இன்று யாருக்காகவும் காத்திராத ராக் இசையின் நடுவே காத்து நின்றன.

இரண்டாம் டேக். நின்றான். மூன்றாம் டேக். நின்றான். ஐந்தாம் டேக்கில் முதற்சரணத்தின் முடிவை வெற்றிகொண்டு, அவ்வெற்றியை எண்ணி மகிழ்ந்தமையால் இரண்டாம் சரணத்தின் முடிவில் ஒருதட்டு முழுவதுமாக நின்றான். ஒன்பதாம் டேக்கில் மூன்று சரணங்களைக் கடந்து நான்காவதில் வீழ்ந்தான். பதினொன்றில் கீழே சாலையில் துறைமுகத்துக்கு விரைந்த கன்டெய்னர் லாரி ஒன்று, முட்டை அட்டைகளையும் துளைத்துக்கொண்டு ஊளையிட்டது. "லாரிக்காரன் கரெக்டா தட்டுல வந்தான் பாரு" என்றார் லட்சுமணன். கிட்டார்க் கிழவர்கள் இருவரும் தம் கருவிகளை உற்றுநோக்கிச் சிரிப்பை விழுங்கினர்.

பதினைந்தாம் டேக்கும் மண்ணைக் கவ்வியபோது மணி நான்கு. சாவியோவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ வந்தது. பஷீர் அருகில் வந்து அமர்ந்து, அன்பின் மிகுதியால் மென்குரலில் சொன்னான்:

"தோஸ்து, பேஜாராவாத. சொல்லு, ஒரே பட்டன். பேரு வேணா உன்னுதயே போட்டுக்கச் சொல்றேன்."

கருணையினும் கொடிய வாள் உளதோ! பாசறை இழந்த தளபதியைப் போல் படியிறங்கிய சாவியோ, டயர்க் கடைக்கு எதிரே தொங்கிய மஞ்சள் பெட்டித் தொலைபேசியில் ஒரு ரூபாய் நாணயத்தை இட்டு, அடுத்த வீட்டுப் பவுனம்மாளின் எண்ணைச் சுழற்றினான். "ரூத்து, உன் வூட்டுக்காரரு!" என்று அவ்வம்மை எழுப்பிய கூவல் ராயபுரத்திலிருந்து கம்பியின்றியே வந்து சேர்ந்திருக்கும்.

"முடிஞ்சிதா?" என்றாள் ரூத்.

"முடியல. சரணம் முடியற இடத்துல நின்னுடறேன். பஷீரு பட்டன்ல வாசிச்சிடுவான் போல கீது. எல்லாம் அந்த சிலுவையம்மாவால."

மறுமுனையில் ரூத் கணக்குப் போட்டாள்.

"அந்தம்மா மக வூட்டோட மதுரைக்குப் போயி மூணு வருசம் ஆவுது."

"அதுக்கு?"

"அதுக்கா? இப்ப யாரும் இழுக்கறது இல்ல. நீ மட்டும்தான் நிக்கிற. சரணம் முடிஞ்சா தலய தூக்கி லேடீஸ் பக்கம் என்னைப் பாப்ப. பாத்துட்டுத்தான் கீழ எறங்குவ. கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல. கொயர் முழுக்கத் தெரியும், உனக்குத்தான் தெரியாது."

நாற்கம்பி நாயகன் டயர்க் கடையின் முன் நாணி நின்றான். பத்தாண்டுக்கும் மேலாகத் தன் தாளத்தைத் தின்ற அரக்கன் முதிய மாதொருத்தியின் மூச்சு என்று நம்பியிருந்தான். அது தன் கண்ணே என்று இப்போது அறிந்தான்.

"அங்க தலய தூக்குனா யாரு தெரியுறா?" என்று கேட்டாள் ரூத்.

"லட்சுமணன் சார் மீச."

"அதப் பாக்கறதுக்கா நிக்கிற? குனிஞ்சி வாசிய்யா." நாணயத்தின் ஆயுள் முடிந்தது, இணைப்பு அறுந்தது.

மணி நான்கு நாற்பது. படியில் மஞ்சள் நீராட்டுக் கூட்டத்தாரின் செருப்பொலி கேட்கத் தொடங்கியிருந்தது. "இதான் கடைசி" என்று கண்ணாடிக்கப்பால் கை உயர்த்தினான் குமாரவேல். பஷீரின் சுட்டுவிரல் பொத்தானின்மேல், கருடன் நிழலென, தொடாமல் நின்றது.

கேளீர்! பதினாறாம் டேக் எழுந்தது. சாவியோ தலைகவிழ்ந்து, தன் வலக்கால் காலுறையின் ஓட்டையினூடே வெளிப்பட்ட பெருவிரலை நோக்கினான்; நோக்கியபடியே முதற்சரணத்தைக் கடந்தான்; கழுத்து நரம்புகள் "நிமிர், நிமிர்" என்று இறைஞ்சவும் பெருவிரலைவிட்டுக் கண் பெயராமல் இரண்டாவதைக் கடந்தான்; மூன்றாம் சரணத்தின் முடிவில், இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் ரூத்தின் நீலப்புடவை இருப்பதாகவே உள்ளம் உறுதி கூற, முட்டை அட்டையன்றி அங்கே யாதுமில்லை என்று அறிவு மறுத்துரைக்க, அவ்விரண்டிற்கும் இடையே நசுங்கியபடி அதையும் கடந்தான்; நான்காவதில், கன்டெய்னர் லாரிகளும் மூச்சடக்கிக் காத்தனவோ என ஐயுறுமாறு சாலை அமைதியாகிவிட, விரல் தட்டின் நடுநெற்றியில் வீழ்ந்தது, முரசின் இடியும் பேஸின் உறுமலும் ஒரே காலடியாய் மண்ணில் ஊன்றின, பாட்டு முடிந்தது, முழுதாக முடிந்தது.

லட்சுமணன் கோல்களைத் துணியில் துடைத்தார், மீசையை ஒதுக்கினார்.

"ஏன் நைனா, இத மொத டேக்லயே வாசிச்சிருந்தா நான் மதியம் பிரியாணி துன்னுட்டுத் தூங்கியிருப்பேன்ல?"

அந்தக் குழுவில் அதனினும் பெரிய பட்டம் யாரும் பெற்றதில்லை. பஷீர் கீபோர்டின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, எஞ்சிய சமோசா முழுவதையும் சாவியோவின் கையில் திணித்தான். கடலை நோக்கிச் சென்ற பேருந்தில் பேஸ் கிட்டாரை மடியில் கிடத்தி வீடு திரும்பிய அவ்வீரனை, நடத்துநர் இரண்டு ஆளுக்குப் பயணச்சீட்டு கேட்டதைத் தவிர, வேறெவரும் அன்று அவமதிக்கவில்லை.

மூன்று திங்கள் கழிந்தன. கேசட் வந்தது. அதன் அட்டையில், சலவைச்சோப்பு நுரையின் நுண்துளி அளவேயான எழுத்தில், பேஸ்: சாவியோ என்று பொறித்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாமனார் ஜார்ஜ் முதல் பவுனம்மாள் வரை, நாற்காலி கிடைத்தோர் நாற்காலியிலும் ஏனையோர் வாசற்படியிலுமாகச் சுற்றம் திரண்டு அமர, திருமணச் சீராக வந்த டூ-இன்-ஒன் பாட்டுப்பெட்டி மேசைமேல் அரியணை ஏறிய மன்னனென விளங்க, சாவியோ கைகழுவி வந்து கேசட்டை இட்டு, பொத்தானை அழுத்தி, கைகட்டி ஒதுங்கி நின்றான், கோல்கள் நான்கு முறை மோதின, முரசுகள் முழங்கின, களிறுகள் பிளிறின, பாடகரின் குரல் உத்தரத்தைத் தொட்டு மீண்டது, முதற்சரணம் சென்றது, இரண்டாம் சரணம் சென்றது, சுற்றத்தார் சாவியோவை நோக்கினர், பெட்டியை நோக்கினர், மீண்டும் சாவியோவை நோக்கினர், "இதுல நீ எங்கய்யா கீற?" என்று ஜார்ஜ் திருவாய் மலர்ந்தருளினார், தடித்த ஒலிக்கு இடமில்லாத, உள்ளங்கை அகலமே கொண்ட அந்த ஸ்பீக்கரின் ஆழத்தில், பதினாறு களம் கண்ட அந்தக் காலடி எங்கேனும் கேளாதா என்று நாயகன் உயிரையே செவியாக்கி நின்றான்.

ரூத் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "லேசா கேக்குது" என்று பொய் சொன்னாள்.