இறக்கத்தில் சமர்த்து, ஏற்றத்தில் சண்டித்தனம்

என் பழைய பைக் ஸ்லோவில் நிற்கவில்லை. அவ்வளவுதான் பிரச்சினை.

வேகமாகப் போனால் ஓடும். வேகத்தைக் குறைத்தால் இருமும், குலுங்கும், செத்துப்போகும். நம்ம நீலகிரியில் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்காமல் எவன் ஓட்ட முடியும்?

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டிலிருந்து கேத்திக்குத் திரும்பும்போது, கொண்டை ஊசி வளைவில், பஸ்ஸுக்கு நேர் முன்னால் அணைந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினான்.

"ஏனுங்க பெரியவரே, வண்டிய தள்ளறீங்களா, இல்ல வண்டி உங்களைத் தள்ளுதுங்களா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்த பஸ்ஸில் என் மனைவி சரசுவும் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு.

"ஞாயித்துக்கிழமை பையன் கோயமுத்தூர்ல இருந்து வரான். பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தரேங்கறான். இன்னொருக்கா இது நடுரோட்டுல நின்னா, காயலாங்கடைக்குத்தான். சொல்லிப்போட்டேன்!"

பேட்டரி ஸ்கூட்டர்! சத்தமே இல்லாமல் போகும் சனியன். அதில் உட்காருவதற்குப் பதில் நான் நடந்தே போவேன்.

பிளக்கைக் கழற்றினேன். கரி. அடுப்புக்குள் விட்டு எடுத்த மாதிரி. துடைத்து மாட்டினேன். மறுநாள் மார்க்கெட் போனேன். போகும்போது ஒழுங்கு. வரும்போது மறுபடி தகராறு.

கார்புரேட்டரைச் சமையலறை மேடையில் வைத்துப் பிரித்தேன். பெட்ரோல் வரும் துளையை, அந்த ஜெட்டை, வாயால் ஊதினேன். அன்றைக்குச் சுட்ட தோசையெல்லாம் பெட்ரோல் வாசம். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளும் அதே கதை. போகும்போது ஒழுங்கு, வரும்போது தகராறு.

யோசித்தேன். குன்னூர் கீழே, கேத்தி மேலே. மேலே ஏற ஏறக் காற்று கம்மி. இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது. கண்டுபிடித்துவிட்டேன்!

குன்னூரில் மெக்கானிக் சேகரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் கடையில் வண்டி அப்படியே பூனை மாதிரி நின்றது. ஒரு இருமல் இல்லை. துரோகி.

"நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றான் சேகர்.

"இங்க நல்லாத்தான் இருக்கும். மேல போனா மூச்சு முட்டுது."

"வண்டிக்குங்களா, உங்களுக்குங்களா?"

முறைத்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான்.

"இவ்வளவு கரி புடிச்சிருக்குதுங்களே. காலையில சோக் போட்டு, அப்படியே ஓட்டிட்டு வந்தர்றீங்களோ?"

"யோவ், நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து வண்டி ஓட்டறேன். எனக்கே சோக்கா? அந்த லீவர் தேஞ்சுபோய்க் கெடக்கு. குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப விரலால இழுத்துப் புடிச்சுட்டே நிக்கணும். விட்டா தானா திரும்பிரும். மறக்கணும்னாலும் மறக்க முடியாது!"

"சரிங்க, சரிங்க. கோவப்படாதீங்க."

ஏதோ திருகினான். அனுப்பிவிட்டான். வெறுங்கையோடு மேலே ஏறி வந்தேன். அன்றைக்கு ஏற்றத்திலும் பூனைதான்!

சனிக்கிழமை. நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வா சரசு, உட்காரு. பையனுக்கு வர்க்கி வாங்கிட்டு வரலாம். வண்டி நின்னா நானே காயலாங்கடைக்குத் தள்ளிட்டுப் போறேன்."

வாய்ச்சவடால். எனக்கு எப்பவும் உண்டு.

குன்னூர் போகும்வரை ராஜாப் பயணம். பேக்கரியில் சூடாக வர்க்கி. கூடவே கேரட், பீட்ரூட். மடித்து வைத்திருந்த மஞ்சப்பையை விரித்து எல்லாவற்றையும் போட்டேன். வழக்கம்போல் இடது கைப்பிடியில் மாட்டினேன். கிளம்பினோம்.

முதல் வளைவு. இருமல்.

"ஆரம்பிச்சுருச்சு," என்றாள் சரசு.

இரண்டாவது வளைவு. குலுக்கல். முன்னால் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தேன்.

"போச்சுங்க. ஸ்கூட்டர்ல நீல கலர் நல்லாருக்கும்," என்றாள்.

"வாயை மூடு!"

வண்டி கடைசி மூச்சு விடுகிற நேரம். பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு குரங்கு. நேராகப் பெட்ரோல் டேங்க் மேலேயே குதித்தது. என் மூஞ்சிக்கு நேரே பல்லைக் காட்டியது. பையைக் காதோடு பிடுங்கியது. ஒரே தாவு. சுவர் மேல் போய் உட்கார்ந்துவிட்டது!

"ஐயோ! வர்க்கி! வர்க்கிங்க!" சரசு என் முதுகில் குத்தினாள்.

"கத்தாத. சத்தத்தைக் கேளு."

"எந்தச் சத்தத்தை?"

"இன்ஜினை!"

டப், டப், டப், டப். பூனை. லாரிக்குப் பின்னால் நடை வேகத்தில், ஏற்றத்தில், மேகத்துக்குள், ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இடது கைப்பிடியைப் பார்த்தேன். பை தொங்கின இடத்தில் சோக் லீவர். பையின் காது அதன் மேல்தான் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது. கேரட்டின் கனம் லீவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. வீட்டில் பையை எடுத்ததும் அது யோக்கியன் மாதிரி திரும்பியிருக்கிறது. தினமும் முழு சோக்கில், இன்ஜினுக்குப் போகிற காற்றை நானே அடைத்துக்கொண்டு மலை ஏறிவிட்டு, மலைக்காற்றைக் குறை சொல்லியிருக்கிறேன்.

சரசுவுக்குத் தெரியாமல் லீவரை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் பின்னால் அவள் குலுங்கினாள். வண்டி குலுங்கவில்லை, அவள்தான், சிரிப்பில். புரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து காது வைத்துக் கேட்டான்.

"ஸ்லோல சூப்பரா நிக்குதேப்பா! ஸ்கூட்டர் வேண்டாம் போலிருக்கே. யாரு சரி பண்ணுனது? சேகரா?"

சரசு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"குரங்கு," என்றேன்.