கீறல் விழாத கிட்டார்

கிட்டாரை வாசித்தே கெடுத்தவர்கள் உலகத்தில் கோடிப்பேர். துடைத்தே அதற்கு வாழ்வு கொடுத்த உத்தமர் ஒருவர்தான். அவர் திருச்சி தென்னூரில் வாழ்கிறார் என்பது காவிரி பாயும் இந்த மண் செய்த புண்ணியம். பெயர் தைரியராஜ். பதவி, தென்னூர் கிட்டார் மன்றத் தலைவர். அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்பவர்கள் அற்பர்கள். தெரியாது. அதனால்தான் தலைவர்.

மன்றத்துக்கு இருந்தது ஒரே ஒரு கிட்டார். ஜெகபர் அலி என்பவர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்து, மன்றத்து மாடியில் உட்கார்ந்து சாகும்வரை வாசித்தது. அவர் காலமானதும் மகள் ரிஃபானா, "இங்கயே இருக்கட்டுங்க, யாராச்சும் வாசிக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் போனாள். அதில் முதல் பாதியை மட்டும் தைரியராஜ் காதில் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மன்றம் வெறும் ‘இசைப்பணி’யை விட்டுவிட்டு ‘மெருகுப்பணி’யில் இறங்கியது. ஞாயிறுதோறும் உறுப்பினர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு பயபக்தியோடு உட்கார்வார்கள். தலைவர் கிட்டாரின் வயிற்றில் வாயால் ‘ஹா’ என்று ஆவி ஊதி, துவைத்து மெத்தென்று ஆன பனியன் துணியால் ஒற்றி எடுப்பார். துணியை வட்டமாக ஓட்டுவதா நேராக ஓட்டுவதா என்ற தகராறில் ஒருமுறை மன்றமே இரண்டாகப் பிளந்தது. வட்டக் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் நேர்க் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைப்பதில்லை. முக்கொம்புக்கு டூர் போனபோது வேனில் ஜன்னலோர சீட் கிட்டாருக்கு. செயலாளர் ரங்கசாமி போகவர நின்றுகொண்டே பயணம் செய்தார்.

இப்படி ஊரும் உலகமும் நிம்மதியாக இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிஃபானா வந்து தலையில் கல்லைப் போட்டாள்.

"சார், ஸ்ரீரங்கத்துல ஒரு ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. வர்ற சனிக்கிழமை வாசிச்சுக் காட்டணும். அத்தா கிட்டாரை ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க. அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, இனிமே தைக்க முடியாது. இந்த வேலையைத்தான் நம்பியிருக்கேன்."

"வாசிக்கவா?" தைரியராஜ் கிட்டாரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. கிட்டாரை வேற என்ன பண்றது?"

மன்றம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. பாவம், விவரம் தெரியாத பெண். ரங்கசாமிதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "ஏம்மா, நகம் படும். வேர்வை படும். நம்மூர் வெயில்ல வேர்வைன்னா லேசுப்பட்டதா? அத்தனையும் உப்பு. மெருகு என்னத்துக்கு ஆகும்?"

"துடைச்சுக் குடுத்துடறேங்க."

"வட்டமாவா, நேராவா?"

ரிஃபானா திருதிருவென்று விழித்தாள். படித்த பெண்ணாம்!

இருந்தாலும் தகப்பன் சொத்து. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல முடியவில்லை. ‘உரிய பாதுகாப்புக்கு உட்பட்டு, தலைவரின் நேரடி மேற்பார்வையில்’ கிட்டாரை வழங்குவதெனத் தீர்மானம் நிறைவேறியது. தைரியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட மனுஷன் இப்படிக் கலங்கவில்லை.

நாம் டிவி ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உறை கிழிந்தால் அதன் மேல் இன்னொரு உறை போடுகிற பரம்பரை. புதுக் கார் வாங்கி, சீட்டுக் கவரைப் பிரிக்காமலே பழைய காராக விற்கிறவர்கள். கிட்டாரை மட்டும் அம்மணமாக ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புவோமா? ரங்கசாமியின் மச்சான் பைக் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பிகளைக் கழற்றி, பெட்ரோல் டாங்குக்கு ஒட்டுகிற கண்ணாடி ஃபிலிமை ஹேர் டிரையரால் சூடுகாட்டி, கிட்டாரின் உடம்பு முழுக்க ஒட்டினார்கள். நடுவில் இருக்கும் ஓட்டையையும் சேர்த்துத்தான்.

"தூசி உள்ள போறதே அந்த வழியாத்தானே!" என்றார் ரங்கசாமி. அந்த மதிநுட்பத்தைத் தலைவர் கட்டித் தழுவிப் பாராட்டினார். கம்பிகளைத் திரும்ப மாட்டி, துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெயும் தடவினார்கள்.

சனிக்கிழமை ஆட்டோவில் கிட்டார் போர்வை சுற்றித் தைரியராஜின் மடியில் வந்தது. "ஒரு தடவை சுதி பாத்துக்கறேன் சார்" என்று ரிஃபானா கெஞ்சினாள். "பாலத்துல காத்து அடிக்குதும்மா, அங்க போயி பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

பள்ளிக்கூடத்து ஹாலில் தலைமையாசிரியை எதிரே உட்கார்ந்திருக்க, ரிஃபானா போர்வையை விலக்கினாள். முகம் செத்துப்போயிற்று.

"சார்... ஓட்டையை அடைச்சு வச்சிருக்கீங்களே!"

"அடைக்கலைம்மா, பாதுகாப்பு."

நகத்தால் பிறாண்டிப் பார்த்தாள். ஒரிஜினல் சரக்கு; அசைந்து கொடுக்கவில்லை. தைரியராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆரம்பிங்கம்மா" என்றார் தலைமையாசிரியை.

அவசரமாகச் சுதி சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். எண்ணெயில் விரல் வழுக்கியது. போர்வைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்படியும் அந்தப் பெண்ணின் கையில் ஏதோ இருக்கத்தான் இருந்தது. இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவை பாட்டு பிடிகொடுத்தது. தலைமையாசிரியை கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிஃபானாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

சரியாக அந்த நேரத்தில் அவள் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு வேர்வை கிட்டாரின் ஓரத்தில் விழுந்ததைத் தைரியராஜ் கண்டார். கடமை என்று ஒன்று இருக்கிறதே! எழுந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்." ஹா. பனியன் துணி. வட்டமாக.

"யாருங்க நீங்க?"

"மன்றத் தலைவருங்க. நீங்க பாட்டுக்குக் கேளுங்க, நான் தொந்தரவு பண்ணமாட்டேன்."

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி வேர்வை. மறுபடி ஹா. "கையைச் சித்த தூக்கினாப்ல வாசிம்மா" என்று வேறு சொல்லிக்கொடுத்தார். அதற்குப்பின் ரிஃபானா கம்பியைத் தொடவில்லை.

"பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறப்பவும் இவர் வருவாரா?" என்று கேட்டுவிட்டு, தலைமையாசிரியை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலில் ரிஃபானா கிட்டாரைத் தைரியராஜின் கையில் கொடுத்தாள். அழவில்லை. "உசிரு போயி மவுத்தானவங்களைத்தான் சார் இப்படிச் சுத்தி வைப்பாங்க" என்றாள். அவள் ஆட்டோவில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். தைரியராஜ் கிட்டாரின் முதுகில் வெயில் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மன்றம் அவசரமாகக் கூடியது. டியூப் லைட் வெளிச்சத்தில் டார்ச்சும் அடித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை! கரகோஷம் தென்னூர் மெயின் ரோடுவரை கேட்டது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘மெருகுக் காவலர்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். வேலை வேறு யாருக்கோ போயிற்று. ரிஃபானா இப்போது அம்மாவின் மெஷினில் உட்கார்ந்து நைட்டிக்கு ஓரம் அடிக்கிறாள்.

அந்தக் கிட்டாரை வாசிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். அவளிடமிருந்தும் அதைக் காப்பாற்றிவிட்டார்கள், மகராசன்கள்.